வெட்டப்படுவது படமா, குரலா?

கொழும்பையும் பதுளையையும் இணைக்கும் புகையிரதப் பாதை அப்புத்தளையைத் தாண்டி, பண்டாரவளை, எல்ல, தெமோதரை எனத் தேயிலை மலைகளினூடே வளைந்து செல்லும் காட்சி இன்று உலகறிந்த ஒன்றாகிவிட்டது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்காத உல்லாசப் பயணி அரிது. அப்படங்களில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பனிமூடிய மலை, அடுத்துப் பாலம், அதன்பின் சில விநாடிகள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். இவை அனைத்தின் மேலும் எங்கிருந்தோ எடுத்துச் சேர்க்கப்பட்ட ஒரு பாடல். அந்தப் பெண் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சில வேளைகளில் எதையோ சொல்லவும் செய்கிறாள். அவள் சொன்னது என்னவென்று பார்ப்போர் எவருக்கும் தெரிவதில்லை. அவளுடைய முகம் இருக்கிறது, குரல் இல்லை.

இது கமராவின் குறையன்று. கமரா அவளது முகத்தையும் குரலையும் ஒருங்கே பதிவு செய்திருந்தது. குரல் நீங்கியது பின்னர், படத்தை வெட்டித் தொகுக்கும் இடத்தில். படத்தொகுப்பு என்பது ஏதோ சினிமாக்காரரின் தொழில்நுட்பம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாள் இருந்து வந்தது. இன்று அக்கருவி ஊவாத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழும் இளைஞர் யுவதிகளின் கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்நிலையில் அக்கருவி எவ்வாறு வளர்ந்தது, அது எதைச் சேர்க்கிறது, எதை நீக்குகிறது என்பதை அறிந்துகொள்வது மலையக மக்களுக்கு இன்றியமையாததாகிறது.

திரைப்படம் என்பது அடிப்படையில் அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களின் வரிசையே. பேசும்படம் வந்தபின் விநாடிக்கு 24 படங்கள் என்பது நிலைபெற்றது. 35 மில்லிமீற்றர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். எனவே ஒரு விநாடிக் காட்சி ஒன்றரை அடி நீளமுள்ள பிலிம். இரண்டரை மணிநேரப் படமொன்றில் 2,16,000 படங்கள் இருக்கும். தொகுப்பாளர் இந்தச் சுருளைக் கைகளால் எடுத்து, விளக்கொளியில் பார்த்து, வேண்டிய இடத்தில் கத்தரித்து, அடுத்த துண்டோடு பசை கொண்டு ஒட்டினார். ஆரம்ப காலத்தில் கத்தரிக்கோலும், பசைக்குப்பியும், உருப்பெருக்கிக் கண்ணாடியுமே அவருடைய ஆயுதங்கள்.

1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூவியோலா என்ற இயந்திரம் படத்தொகுப்புக்கென வந்தது. சுருளை ஓட்டியும் நிறுத்தியும் ஒரு சிறு கண்ணாடியில் காட்சியைப் பார்த்து, வெட்டுமிடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ள அது வழிசெய்தது. பின்னாளில் ஜெர்மனியின் ஸ்டீன்பெக் போன்ற மேசை வடிவ இயந்திரங்கள் வந்தன. படச்சுருளும் ஒலிச்சுருளும் அவற்றின் மேல் தட்டையாகக் கிடந்து, இணையாகச் சுழன்றன. பசைக்குப் பதிலாக ஒட்டுநாடா வந்தபோது, ஒட்டிய இடத்தை ஒரு படமும் இழக்காமல் மீண்டும் பிரிக்க முடிந்தது.

இங்கே ஒரு நடைமுறையை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். தொகுப்பாளர் வெட்டியது மூலச்சுருளை அன்று, அதன் நகலையே. ஒவ்வொரு வெட்டும் முடிவான பின்னரே, அந்த நகலைப் பார்த்து மூலச்சுருள் வெட்டப்பட்டது. மூலத்தைக் காப்பது அத்தொழிலின் முதல் விதியாக இருந்தது. அந்த விதியின் பெறுமதியைப் பின்னர் காண்போம்.

வெட்டி ஒட்டுவதில் அப்படி என்ன வல்லமை இருக்கிறது? 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் இதை ஒரு சோதனை மூலம் விளக்கினார். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அருகே அவர் வைத்தார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் வெவ்வேறாகக் கண்டனர். இதை நமது சூழலில் வைத்துப் பார்ப்போம். கூடையைச் சுமந்து நிற்கும் ஒரு தாயின் அமைதியான முகம். அதன்பின் பிள்ளை மடுவத்தில் தூங்கும் குழந்தையைக் காட்டினால் அது பாசம். ஒழுகும் கூரையைக் காட்டினால் அது துயரம். மேடையில் நின்று கூரைத்தகடு வழங்கும் அரசியல்வாதியைக் காட்டினால் அது நன்றி. முகம் ஒன்றே, அர்த்தத்தைத் தீர்மானிப்பது வெட்டுபவரின் கை.

படத்தை அடுக்குவதைவிட ஒலியை அடுக்குவது இன்னும் வலிமையானது. இதற்கு நமது நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக ஆங்கில இயக்குநர் பசில் ரைட் 1934இல் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' உலக ஆவணப்பட வரலாற்றில் முக்கிய இடம்பெற்ற படம். படப்பிடிப்பு இலங்கையில் நடந்தது. ஒலி பின்னர் இலண்டனில் சேர்க்கப்பட்டது. வர்த்தகத்தின் குரல்கள் எனப் பெயரிடப்பட்ட அதன் மூன்றாம் பகுதியில், இத்தீவின் உழைப்பாளர்கள் பாடுபடும் காட்சிகளின் மேல் சந்தை நிலவரங்களையும் வணிகக் கடிதங்களையும் வாசிக்கும் ஆங்கிலக் குரல்கள் ஒலிக்கின்றன. உழைப்பு இங்கே, கணக்கு அங்கே என்பதை அந்த இணைப்பு உணர்த்திவிடுகிறது என்று பாராட்டிய விமர்சகர்கள் உண்டு. அது நியாயமான பாராட்டே. எனினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. தேயிலையின் பெயரால், தேயிலையின் பணத்தால் எடுக்கப்பட்ட அப்படத்தில், தேயிலையை வளர்த்த தொழிலாளி தன் வாழ்வைப் பற்றித் தன் வாயால் பேச இடமிருக்கவில்லை. அன்றைய ஒலிப்பதிவுக் கருவிகளின் பாரத்தை இதற்குக் காரணமாகக் கூறலாம். இன்று அக்காரணம் செல்லாது.

இலங்கையின் படத்தொகுப்பு மரபு அப்படியொன்றும் எளியதன்று. 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவில் பயின்றவர்களே பின்னர் இந்நாட்டுச் சினிமாவுக்கு அடித்தளமிட்டனர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தை 1956இல் தொகுத்தவர் அப்பிரிவிலிருந்து வந்த டைட்டஸ் தொடவத்த. 1963இல் 'கம்பெரலிய'வைத் தொகுத்த சுமித்ரா பீரிஸ் பின்னர் தாமே இயக்குநராகப் புகழ்பெற்றார். தமிழில், 16 மில்லிமீற்றரில் 1962ஆம் ஆண்டு 'சமுதாயம்' வந்தது. அடுத்த ஆண்டில், பெயரிலேயே தோட்டத்தை ஏந்திய 'தோட்டக்காரி' வந்தது. மலையகத் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்துத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

இவ்வாறு சிரமப்பட்டு எடுக்கப்பட்டவை எவ்வளவு எளிதில் அழிந்தன என்பதும் நினைவில் இருக்க வேண்டியதே. 1983 ஜூலை வன்செயல்களில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது, அங்கு சேமிக்கப்பட்டிருந்த படங்களின் மூலச்சுருள்களும் எரிந்தன. மூலம் அழிந்த பின், எஞ்சிய தேய்ந்த பிரதிகளே ஒரு காலத்தின் சாட்சிகளாகின்றன.

தோட்டப்புறங்களுக்குப் படத்தொகுப்பு என்ற ஒன்று உண்மையில் நெருங்கி வந்தது சினிமாவின் வழியாக அன்று, வீடியோ கசெட்டின் வழியாகவே. 1956இல் அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் காந்தநாடாவில் காட்சிகளைப் பதியும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. நாடாவில் உருவம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஆரம்பத்தில் இரும்புத்துகள் கலந்த திரவத்தைப் பூசி, நுண்ணோக்கியில் கோடுகளைப் பார்த்துச் சவரத்தகட்டினால் அதை வெட்டினர். பின்னர் வெட்டுவது நின்று, ஒரு இயந்திரத்தில் ஓடவிட்டு இன்னொன்றில் பதியும் முறை வந்தது. 1976இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். கசெட் உலகின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்றது. இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்தை ஒட்டி, நகரங்கள்தோறும் வீடியோ நிலையங்கள் பெருகின.

இந்த முறையில் இரண்டு இடர்கள் இருந்தன. முதலாவது, நாடாவில் வரிசையை மாற்ற இயலாது. ஒரு மணிநேரக் கசெட்டின் நடுவில் பத்து விநாடிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமாயின், அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் படம் மங்கி, நிறம் கசிந்தது. ஆகவே வீடியோ நிலையத்தார் வேலையைச் சுருக்க ஒரு வழியைக் கண்டனர். கலியாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என எதுவாயினும், பதிவான ஒலியை அடியோடு நீக்கிவிட்டுத் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாடல்களை ஓடவிட்டனர். பார்க்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மணமக்களை வாழ்த்திய பாட்டியின் சொற்கள் போயின, தப்பொலி போனது, அழைத்த குரல்களும், அழுத குரல்களும் போயின. 1934இல் இலண்டனில் நடந்தது அறியாமலே நம் வீடுகளிலும் நடந்தது. படம் நம்முடையது, ஒலி வேறெங்கோ இருந்து வந்தது.

1989இல் அமெரிக்காவில் அவிட் நிறுவனம் கணினிவழித் தொகுப்பு முறையை அறிமுகப்படுத்தியபோது இந்தத் தொழில் அடியோடு மாறியது. காட்சிகள் கணினிக்குள் எண்களாகச் சேமிக்கப்பட்டன. எந்தத் துண்டையும் எந்த இடத்திலும் வைக்கலாம், வெட்டியதை மீண்டும் சேர்க்கலாம், பத்து விதமாகத் தொகுத்துப் பார்த்துப் பிடித்ததைத் தெரிந்தெடுக்கலாம் என்ற நிலை வந்தது. இந்தியாவில் அவிட்டைப் பயன்படுத்திய முன்னோடிப் படங்களுள் ஒன்றாக 1994இல் வெளிவந்த 'மகாநதி' குறிப்பிடப்படுகிறது. கணினியில் தொகுக்கப்பட்ட 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்காக வோல்ட்டர் மேர்ச் சிறந்த படத்தொகுப்புக்கான ஒஸ்கார் விருதை 1997இல் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து அவரே, கடையில் வாங்கக்கூடிய சாதாரண மென்பொருள் ஒன்றைக் கொண்டு 'கோல்ட் மவுண்டன்' என்ற பெரும் படத்தைத் தொகுத்துக் காட்டினார்.

அந்த விலையும் பின்னர் வீழ்ந்தது. பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே எட்டக்கூடியதாயிருந்த டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு 2011இல் வெளியானது. கேடென்லைவ், ஷொட்கட் ஆகியவை முற்றிலும் இலவசமானவை. பழைய கணினிகளிலும் ஓரளவு இயங்கக் கூடியவை. கைன்மாஸ்டர், கப்கட் போன்ற செயலிகள் அனைத்தையும் தொலைபேசித் திரைக்குள் அடக்கிவிட்டன. மூவியோலாவின் முன் நின்று பல நாட்கள் செய்த வேலையை, மடுல்சீமையில் ஒரு மாணவி மாலைப் பொழுதொன்றில் செய்து முடிக்கலாம். இது பெரும் ஜனநாயகம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கருவி கைக்கு வந்துவிட்டதனால் மட்டும் முடிவெடுக்கும் உரிமையும் கைக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இச்செயலிகள் ஆயத்த அச்சுக்களை வழங்குகின்றன. எத்தனை விநாடிகளுக்கு ஒருமுறை வெட்டுவது, எந்தப் பாடலைச் சேர்ப்பது என்பதை அந்த அச்சே தீர்மானித்துவிடுகிறது. பேச்சைத் தெளிவாக்குவதாகக் கூறும் இரைச்சல் நீக்கி, பேச்சல்லாத யாவற்றையும் இரைச்சலென்றே கருதக்கூடும். காமன் கூத்தைப் பதிவு செய்து அதை இயக்கினால், கூத்தின் உயிரான தப்பொலியே தேய்ந்துபோகலாம். உலகெங்கும் ஒரே பாடலுக்கு ஒரே தாளத்தில் வெட்டப்பட்ட படங்கள் குவிகின்றன. அவற்றுள் ஒன்றாக நமது மலையும் அமிழ்ந்து போனால், வீடியோ நிலையம் செய்ததை நாமே நமக்குச் செய்தவராவோம்.

இதில் வெறும் அழகுணர்ச்சி மட்டும் பணயமாக இல்லை. நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான பின்னர், பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை பற்றிய பிணக்குகள் பல தோட்டங்களில் எழுந்தன. அத்தகைய வேளையில், சம்பளம் கூடியது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "பரவால்லைங்க. ஆனா கேக்குற கிலோ வராட்டி அரைப்பேருதான் போடுறாங்க" என்று ஒரு தாய் பதில் சொல்கிறார். முதல் சொல்லுக்குப் பின் வெட்டினால் அவர் மனநிறைவு கொண்டவர். முழுவதையும் வைத்தால் முறையிடுபவர். இரண்டிலும் பேசுவது அவரே, சொற்களும் அவருடையவையே. பொய் எதுவும் சேர்க்கப்படவில்லை; உண்மையே நீக்கப்பட்டுள்ளது.

மண்சரிவுகளின்போது இதன் விளைவு இன்னும் கடுமையானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாடு மறந்திருக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் பதுளை மாவட்டம் மீண்டும் கடும் அழிவைச் சந்தித்தது. இத்தகைய வேளைகளில் நாள், இடம் குறிப்பிடாமல் வெட்டப்பட்ட ஒரு துண்டுப் படம், வேறொரு மலையில் வேறொரு ஆண்டில் நடந்ததை இன்று இங்கே நடந்ததாகக் காட்டிவிட முடியும். ஓட வேண்டியவர் ஓடாமலும், ஓட வேண்டாதவர் ஓடியும் இடர்ப்படுவர். மாறாக, மலைச்சரிவில் தோன்றிய வெடிப்பை, நாளும் நேரமும் சொல்லி, இடத்தை அடையாளம் காட்டி, வெட்டாமல் எடுத்த இரண்டு நிமிடப் பதிவு அதிகாரிகளின் முன் வைக்கத்தக்க ஆவணமாகும்.

ஆகவே படத்தொகுப்பில் ஈடுபடும் நம் இளைஞர்கள் சில எளிய ஒழுங்குகளைப் பின்பற்றுதல் நன்று. முதலாவது, பழைய தொகுப்பாளரின் விதி: மூலத்தைத் தொடக்கூடாது. தொலைபேசியில் எடுக்கும் தெளிவான படம் நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 மெகாபைட் வரை இடம் பிடிக்கும் என்பதால், இடமில்லையென்று மூலத்தை அழிக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. முக்கியமான பதிவுகளை ஒரு வன்தட்டிலும், இன்னொரு பிரதியை வேறொரு வீட்டிலும் வைக்கலாம். கோப்பின் பெயரிலேயே திகதியையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிவிடலாம்.

இரண்டாவது, ஒலிக்கு முதலிடம் தர வேண்டும். பேசுபவருக்கு அருகில் சென்று, காற்றுக்கு முதுகு காட்டி நின்று பதிவு செய்ய வேண்டும். எவரும் பேசாதபோது அந்த இடத்தின் இயல்பான ஒலியைப் பத்து விநாடியாவது தனியே எடுத்துக்கொண்டால், வெட்டுகளுக்கிடையே அது இணைப்பாக உதவும். பேசுபவரின் முகத்தையே முழுநேரமும் காட்ட வேண்டியதில்லை. அவர் குரல் தொடர்ந்து ஒலிக்க, படத்தில் அவர் வேலை செய்யும் கைகளையோ, வீட்டையோ, மலையையோ காட்டலாம். குரலை முதுகெலும்பாக வைத்து அதன்மேல் காட்சிகளை அடுக்குவதே ஆவணப்படத் தொகுப்பின் அடிப்படை. பாடல் வேண்டுமாயின் குரலுக்குக் கீழே ஒலிக்கட்டும். குரலின் இடத்தில் வேண்டாம்.

மூன்றாவது, கேள்வி இன்றிப் பதில் புரியாதாயின் கேள்வியையும் வைக்க வேண்டும். "ஆனால்" என்ற சொல்லுக்கு முன் வெட்டக்கூடாது. தொகுத்து முடித்ததை வெளியிடுமுன் பேசியவருக்குக் காட்டி அவருடைய சம்மதத்தைப் பெறுவது மரியாதை மட்டுமன்று, கடமையுமாகும். நான்காவது, இயலுமானவரை சிங்கள எழுத்தில் துணைவரிகள் சேர்க்க வேண்டும். பதுளையிலும் மொனராகலையிலும் அடுத்த கிராமத்தில் வாழும் சிங்கள மக்கள் தோட்டத்து மக்களை நாளும் காண்கிறார்கள். அவர்களது கதையைக் கேட்டதில்லை. அந்த இடைவெளியைக் குறைக்கத் துணைவரிகள் உதவும்.

இன்னொரு வேலை காத்திருக்க முடியாதது. வீடுகளின் தகரப்பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் கிடக்கும் பழைய கசெட்டுகள் மலைநாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன. அவற்றை ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தியும் உலகளவில் 2016இல் நின்றுவிட்டது. இயங்கும் இயந்திரம் ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு சிறு கருவியும் கிடைத்தால், இக்கசெட்டுகளை எண்வடிவிற்கு மாற்றிவிடலாம். பாடல் ஏற்றப்படாத முதற்பிரதி எவர் வீட்டிலாவது இருக்குமாயின் அது பொக்கிஷம். சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இந்தியாவுக்குச் சென்ற உறவினரை நினைத்துப் பேசும் ஒரு முதியவரின் குரல் அதில் எங்கேனும் இருக்கலாம்.

இவற்றைத் தனிமனிதர் ஆர்வத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது. க.பொ.த. வகுப்புகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உள்ளது. தோட்டப் பாடசாலைகளில் அப்பாடத்தை ஏட்டோடு நிறுத்தாது, ஓர் இலவச மென்பொருளையும் ஒரு பழைய கணினியையும் கொண்டு செய்முறையாகக் கற்பிக்கலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பொதுநூலகங்களும் தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. மேடைகளுக்கும் விளம்பரங்களுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு, கசெட்டுகளை மாற்றிப் பாதுகாக்கும் ஒரு நிலையத்துக்குப் போதுமானதாக அமையும்.

வெட்டுதல் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய தொழிலன்று. கவ்வாத்துக் கத்தியை எடுப்பவருக்கு எதை வெட்டுவது, எதை விடுவது என்பது நன்கு தெரியும். கிளையைக் கழிப்பது செடி மீண்டும் தளிர்ப்பதற்காகவே. வேரில் கத்தி பட்டால் தளிர் ஏது? மலையகத்தைப் பற்றிய படங்களில் நெடுங்காலமாக வெட்டுண்டு வந்தது அதன் குரலாகிய வேரே. இனி வெட்டுபவர்கள் நம் பிள்ளைகளாயிருக்கப் போவதால், அக்குரலைக் காக்கும் பொறுப்பும் அவர்களையே சாரும். அதற்கான பயிற்சியை அளிக்க வேண்டிய பொறுப்பு பாடசாலைகளையும் பல்கலைக்கழகத்தையும் சமூகத் தலைவர்களையும் சார்ந்தது.